நேர்வழியை யாரோ பார்க் செய்துவிட்டார்கள்

“நம்ம டொமைனை எவனோ பார்க்கிங்ல போட்டுட்டுப் போயிருக்கான்!”

மாஸ்டர் போட்ட சத்தத்தில் சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது. மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே முன்னறைக்கு வந்தாள். வந்தவள் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, ஜன்னல் வழியாகத் தெருவைத்தான் எட்டிப் பார்த்தாள். பயிற்சிக் கார் நேற்று நிறுத்திய இடத்திலேயே நின்றது.

“கார் அங்கதானேங்க இருக்கு?”

“கார் இல்லம்மா, டொமைன். இணையத்துல நம்ம ஸ்கூலோட பேரு. இங்க பாரு. ‘இந்த டொமைன் பார்க் செய்யப்பட்டுள்ளது’ன்னு போட்டிருக்கான். யாரைக் கேட்டுப் பார்க் பண்ணான்?”

பார்க்கிங் என்றாலே மாஸ்டருக்கு ஆகாது. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். கிளட்ச், கியர், மேடு, வளைவு எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறவர்கள்கூடப் பார்க்கிங் என்று வந்ததும் அவர் மானத்தை வாங்கிவிடுவார்கள். இப்போது அவருடைய ‘நேர்வழி டிரைவிங் ஸ்கூ’லையே யாரோ பார்க் செய்துவிட்டார்கள் என்றால் எப்படி இருக்கும்?

எல்லாம் காலையில் வந்த ஒரு மின்னஞ்சலால் வந்த வினை. ‘உங்கள் டொமைன் இன்னும் எந்த இணையதளத்துடனும் இணைக்கப்படவில்லை. விவரத்துக்கு இங்கே அழுத்தவும்’ என்று அதில் இருந்தது. மாஸ்டர் அழுத்தினார். அழுத்தச் சொன்னால் அழுத்துகிறவர் அவர். பயிற்சிக் காரில் தன் பக்கம் இருக்கும் பிரேக்கைக்கூடத் தேவைக்கு இரண்டு மடங்கு அழுத்துவார்.

வேறு நாளாக இருந்திருந்தால் கொஞ்ச நேரம் திட்டிவிட்டு வகுப்புக்குக் கிளம்பியிருப்பார். இன்றைக்கு அப்படி விட முடியாது. ஒரு பெரிய மருந்துக் கம்பெனி, தன்னிடம் வேலை பார்க்கும் பெண்களுக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. கற்றுக்கொடுப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை. கம்பெனியின் எச்.ஆர். மேடம் நேற்றுப் போன் செய்து, “நாளைக்கு மதியத்துக்குள்ள உங்க வெப்சைட்டைப் பாத்துட்டு முடிவு சொல்றேன் மாஸ்டர்” என்றிருந்தார்.

மாஸ்டரின் மனைவி பயிற்சியாளர் தேர்வு எழுதி, முதல் தடவையிலேயே பாஸாகி, சான்றிதழையும் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டாள். ஆனால் இன்றுவரை அவளிடம் ஒருவர்கூடக் கற்றுக்கொள்ள வரவில்லை. வருகிறவர்கள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மாஸ்டர் இல்லையா?” என்பார்கள். “இருக்காரு, கூப்பிடுறேன்” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் மாஸ்டருக்கு மனசுக்குள் என்னவோ செய்யும். இந்த ஆர்டர் கிடைத்தால் அவளும் மாஸ்டர். அதில் அவளைவிட அவருக்குத்தான் தவிப்பு அதிகம். வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

“உன் தம்பிக்குப் போன் போடு” என்றார்.

வெப்சைட்டைச் செய்து கொடுத்தவன் அவள் தம்பி. வீட்டில் எந்த வயர் அறுந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள் என்பதால் அவனுக்குப் பெயரே வயர் என்று ஆகிவிட்டது. போன் ரொம்ப நேரம் அடித்து, கடைசியில் எடுத்தான்.

“மாப்ளே, நம்ம சைட்டு பார்க் ஆகிக் கிடக்குடா!”

“மாமா, பிளேன்ல ஏறி உக்காந்துட்டேன். போனை அணைக்கச் சொல்றாங்க. அதெல்லாம் சரியாத்தான் இருக்கும். சாயங்காலம் நேரா அங்கதான் வரேன். அதுவரைக்கும் எதையும் தொடா—”

போன் அணைந்துவிட்டது.

“என்ன சொல்றான்?” என்றாள் மனைவி.

“எதையும் தொடாம விட்டுடாதீங்கன்னு சொல்றான்” என்று மாஸ்டர் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

மின்னஞ்சலிலேயே இன்னொரு பொத்தான் இருந்தது. ‘டி.என்.எஸ். அமைப்புகளை மாற்ற’ என்று போட்டிருந்தது. அதையும் அழுத்தினார். கட்டம் கட்டமாக ஒரு பக்கம் வந்தது. முதல் கட்டத்துக்கு மேலே ‘ஹோஸ்ட்’ என்று இருந்தது. உள்ளே எழுத்து எதுவும் இல்லை. மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வருமே, நத்தை சுருண்டு கிடப்பது போல, அந்தக் குறி மட்டும் இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் புள்ளி வைத்து ஒரு நீள நம்பர்.

“சைட்டை ஹோஸ்ட் பண்ணது யாரு?” என்று மனைவியைக் கேட்டார்.

“தம்பிதான். ஹோஸ்ட் பண்ணிட்டேன் ஹோஸ்ட் பண்ணிட்டேன்னு ஒரே பெருமை.”

“அப்ப அவன் பேரைப் போடாம இங்க எதுக்கு நத்தை?”

நத்தையை அழித்துவிட்டு இங்கிலீஷில் ‘வயர்’ என்று அடித்தார். சேமித்தார். சைட்டைத் திறந்து பார்த்தார். முன்பு பார்க்கிங் என்றாவது வந்தது, இப்போது அதுவும் வரவில்லை.

“முன்னேற்றம்தான். பார்க்கிங்லேருந்து வண்டியை வெளிய எடுத்தாச்சு” என்றார் மாஸ்டர்.

“எடுத்த வண்டி எங்கேன்னு தெரியலையே?”

இதற்குள் வாசலில் பாட்டு டீச்சர் வந்து நின்றார். பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவர், மாஸ்டரிடம் கார் கற்றுக்கொள்கிறவர். ஹாரனைத் தாளத்தோடுதான் அடிப்பார். ரிவர்ஸ் கியர் என்றால் மட்டும் குரல் கம்மிவிடும்.

“மாஸ்டர், இன்னிக்கு ரிவர்ஸ்னு சொன்னீங்களே...”

“ரெண்டே நிமிஷம் டீச்சர். உக்காருங்க.”

மாஸ்டர் நத்தையைத் திரும்பப் போட்டார். இப்போது பக்கத்துக் கட்டத்து நம்பர் மேல் சந்தேகம் வந்தது. வயர் எப்போதோ போனில் அனுப்பிய செய்தி ஒன்றில் ‘நம்ம சைட்டு இருக்கிற சர்வர் நம்பர்’ என்று எழுதியிருந்தான். தேடி எடுத்துப் பார்த்தால், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மாஸ்டர் பல்லைக் கடித்தார்.

“பாத்தியா? நம்பரே தப்பு! நம்பர் பிளேட்டை மாத்தி ஓட்டியிருக்காங்க!”

போனைப் பார்த்து நம்பரை அடித்தார். படிக்கும் கண்ணாடி குளியலறையில் இருந்தது. எழுந்து போய் எடுக்க அவசரம் விடவில்லை. சேமித்தார். இந்தத் தடவை நிச்சயம் வேலை செய்யும் என்று அவ்வளவு நம்பிக்கை. திறந்து பார்க்கும் முன்பே அந்த இணைப்பை நகலெடுத்து மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘நம் புதிய இணையதளம்! எல்லோரும் திறந்து பார்த்துச் சொல்லவும்!’ என்று எழுதிவிட்டார்.

அப்புறம்தான் தானும் திறந்தார்.

திரை முழுக்க ஒரு மெத்தை. மெத்தை மேல் ஒரு பெண் கன்னத்தில் கைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மேலே கொட்டை எழுத்தில் ஒரு வாசகம்: ‘கண்ணை மூடுங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.’

மாஸ்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டு முகவரியைப் பார்த்தார். தன் ஸ்கூல் பெயர்தான்.

போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. ‘மாஸ்டர், கண்ணை மூடிட்டு ஓட்டுறது எந்தப் பாடத்துல வருது?’ என்று ஒருவர். ‘இதுக்குத்தான் சீட் பெல்ட்டா?’ என்று இன்னொருவர். மூன்றாவது ஆள் உண்மையாகவே கேட்டிருந்தார்: ‘ரெண்டு பேர் படுக்கிற அளவுல கிடைக்குமா மாஸ்டர்? பழசு பள்ளம் விழுந்துருச்சு.’

பாட்டு டீச்சரும் தன் போனில் திறந்து பார்த்தார். “எனக்கு ஏதோ பார்க்கிங்னு வருது மாஸ்டர்.”

“எனக்கு வெள்ளையா இருக்கு. ஒண்ணுமே இல்ல” என்றாள் மனைவி.

ஒரே பெயர். மூன்று பேர். மூன்று காட்சி. மாஸ்டருக்குத் தலை சுற்றியது.

“என்னங்க, விட்டுடுங்க. தம்பி வந்து பாத்துக்கட்டும்.”

“அவன் சாயங்காலம் வருவான். மேடம் மதியத்துக்குள்ள பாப்பாங்க. உன் விஷயம்மா இது! மெத்தையைக் காட்டி உன்னை எப்படி நான் அனுப்புறது?”

மனைவி அவர் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். அப்புறம் சுவரில் மாட்டியிருந்த கார் சாவியை எடுத்தாள்.

“டீச்சர், நீங்க வாங்க. ரிவர்ஸ் நான் சொல்லித் தரேன்.”

“நீங்களா?” என்றார் பாட்டு டீச்சர், கொஞ்சம் தயங்கி.

“பயப்படாதீங்க. நான் இவரை மாதிரி கத்த மாட்டேன்.”

அந்த ஒரு வார்த்தைக்கே பாட்டு டீச்சர் எழுந்துவிட்டார்.

கார் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டபோது மாஸ்டர் டொமைன் கம்பெனியின் உதவி எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். எண்ணற்ற பொத்தான்களையும் ஒரு நீண்ட இசையையும் தாண்டி ஒரு பெண் குரல் வந்தது. நல்ல பொறுமைசாலிப் பெண்.

“டி.என்.எஸ்-ங்கிறது ஒரு முகவரிப் புத்தகம் மாதிரி சார். பேரைச் சொன்னா கதவு நம்பரைச் சொல்லும். நீங்க திறந்து வெச்சிருக்கிற பக்கத்துல ஏ ரெக்கார்டுன்னு இருக்கில்ல, அதுதான் கதவு நம்பர்.”

“அதைத்தாம்மா போட்டேன்!”

“ஒவ்வொரு எண்ணா கொஞ்சம் சரி பாருங்க சார்.”

மாஸ்டர் குளியலறைக்கு ஓடிப்போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். வயர் அனுப்பியதில் கடைசி எண் ஏழு. இவர் போட்டிருந்தது ஒன்று.

“கதவு நம்பரை மாத்திப் போட்டா என்னம்மா ஆகும்?”

“வேற யாரோட வீட்டுக்குள்ளயாவது போய் நிப்பாங்க சார்.”

“அந்த வீட்டுக்காரன் மெத்தைக்கடை வெச்சிருக்கான்மா!”

அந்தப் பெண் இருமினாள். அது சிரிப்பா இருமலா என்று மாஸ்டரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“நம்பரைத் திருத்திடுங்க சார். திருத்திட்டு, தயவுசெஞ்சு காத்திருங்க. அந்த முகவரிப் புத்தகத்துக்கு உலகம் பூரா பிரதி இருக்கு. எல்லாத்துலயும் புது நம்பர் ஏற நேரம் ஆகும். அதனாலதான் ஆளுக்கு ஒண்ணு தெரியுது.”

“எவ்வளவு நேரம்?”

“சில நிமிஷமும் ஆகலாம், ரெண்டு நாளும் ஆகலாம் சார். ஆனா நடுவுல எதையும் மாத்தாதீங்க. மாத்தினா மறுபடி முதல்லேருந்து.”

சிவப்பு விளக்கில் நிற்கும்போது மாஸ்டர் தன் மாணவர்களுக்கு ஒரு பாடம் சொல்வார். “கையைக் கட்டு. ஹாரனைத் தொடாதே. நீ அடிச்சா பச்சை விழாது, அது விழும்போதுதான் விழும்.” இதே பாடத்தை இப்போது யாரோ ஒரு பெண் அவருக்குச் சொல்கிறாள். அது அவருக்கு உறைக்கவில்லை. ஹாரன் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நம்பரைத் திருத்தினார். காத்திருந்தார். அதாவது, மூச்சு விடுகிற நேரம் காத்திருந்தார். தன் கம்ப்யூட்டரில் திறந்தார், மெத்தை. போனில் திறந்தார், அங்கே வேறு கதை. ‘இப்படி ஒரு இணையதளம் எங்களிடம் இல்லை’ என்று வந்தது.

“இல்லையா? ராத்திரியெல்லாம் உக்காந்து செஞ்ச சைட்டை இல்லைன்னு சொல்றியா?” என்று போனைப் பார்த்துக் கேட்டார்.

மெத்தைக்காரனாவது பரவாயில்லை, இருக்கிறான். இல்லவே இல்லை என்று சொல்கிறவனை என்ன செய்வது? மாஸ்டர் அந்தப் பக்கத்தின் கடைசிவரை போனார். ‘நேம்சர்வர்களை மாற்ற. கவனம்: இது எல்லா அமைப்புகளையும் பாதிக்கும்’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. சிவப்பைப் பார்த்தால் நிற்க வேண்டும் என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்த மனிதர், நிற்காமல் உள்ளே புகுந்துவிட்டார். இரண்டு கட்டங்கள் இருந்தன. மேலே இருந்ததைக் கீழேயும் கீழே இருந்ததை மேலேயும் மாற்றிப் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. இரண்டையும் அழித்துவிட்டு, சைட் இருக்கிற கம்பெனியின் பெயரைத் தன் ஊகத்தில் எழுத்துக் கூட்டி அடித்தார். சேமித்தார்.

போனில் எல்லாமே போய்விட்டது. கம்ப்யூட்டரில் மட்டும் அந்த மெத்தைப் பெண் விடாப்பிடியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் எச்.ஆர். மேடம் போன் செய்தார்.

“மாஸ்டர், உங்க சைட்டைத்தான் பாத்துட்டு இருக்கேன்.”

மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். “மேடம்... அது எங்களோடது இல்ல மேடம்.”

“ஏன்? மேல உங்க ஸ்கூல் பேருதானே இருக்கு?”

“பேரு எங்களோடதுதான். உள்ள இருக்கிறது வேற ஆளு.”

மேடம் சிரித்தார். “ரொம்ப அடக்கமா பேசுறீங்க. எனக்குப் பிடிச்சிருக்கு மாஸ்டர். பாத்தவுடனே மனசுக்கு ஒரு நிம்மதி. அதுவும் முதல் படத்துல அந்தம்மா முகத்துல என்ன ஒரு அமைதி!”

மாஸ்டர் திரையைப் பார்த்தார். கன்னத்தில் கைவைத்து ஒருத்தி தூங்குகிறாள்.

“அந்த மாதிரி நேரத்துல எல்லார் முகமும் அப்படித்தான் மேடம் இருக்கும்.”

“அப்படியா? எனக்கெல்லாம் பதட்டமா இருக்குமே! எங்க பொண்ணுங்களுக்கு அந்தம்மாதானே சொல்லித் தரப்போறாங்க?”

“ஐயையோ! அவங்க வேண்டாம் மேடம்!”

“ஏன்?”

“அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது!”

மாஸ்டர் பதறிப்போய் மேலும் பேசினார். பேசாமல் இருந்திருக்கலாம்.

“அவங்க கண்ணையே திறக்க மாட்டாங்க மேடம். அவங்களை நம்பி வண்டியைக் கொடுக்க முடியுமா? என் மனைவிதான் உங்களுக்கு வருவா. அவ நல்லா முழிச்சிட்டு இருப்பா. அவளை மாதிரி ஓட்டுறவங்க இந்த ஊர்லயே கிடையாது. எனக்கே அவ பக்கத்துல உக்காந்தாத்தான் பயம் இல்லாம இருக்கும். இத்தனை நாள்ல நான் இதை அவகிட்டகூடச் சொன்னதில்ல மேடம்.”

“மாஸ்டர், உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?”

“கண்ணை மூடச் சொல்லி எழுதியிருக்கு பாருங்க, அதை மட்டும் நம்பாதீங்க! கண்ணைத் திறந்துதான் ஓட்டணும்!”

“சரி மாஸ்டர், நீங்க ஓய்வெடுங்க. நான் அப்புறம் பேசுறேன்.”

போன் வைக்கப்பட்டது. மாஸ்டர் மெதுவாக உட்கார்ந்தார். தப்பு செய்கிற மாணவர்களை அவர் ஒரு வார்த்தையில் திட்டுவார். அந்த வார்த்தையைத் தனக்குத்தானே ஒரு முறை சொல்லிக்கொண்டார். மனம் ஆறவில்லை. இன்னொரு முறையும் சொல்லிக்கொண்டார்.

சாப்பாட்டு நேரம் வந்து போனது. அவர் எழுந்திருக்கவில்லை. சுவரில் கண்ணாடிக்குள் இருந்த சான்றிதழைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவள் படித்தாள், ராத்திரி சாலை விதிகளை ஒப்பித்தாள், இவர் கேள்வி கேட்க அவள் பதில் சொன்னாள். பாஸான அன்றைக்குச் சின்னப் பிள்ளை மாதிரி வீடு முழுக்க நடந்தாள். அந்த மனுஷிக்கு வந்த முதல் வாய்ப்பை இவர் ஒரு மெத்தைக்குக் கீழே போட்டு அமுக்கிவிட்டார்.

வெயில் இறங்கியபோது கார் வந்து நின்றது. நின்றது என்பதைவிட, பின்னாலேயே வந்து, இரண்டு வண்டிகளுக்கு நடுவில் கோடு போட்ட மாதிரி அழகாகப் பொருந்தியது என்று சொல்ல வேண்டும். பாட்டு டீச்சர்தான் ஓட்டியிருந்தார். இறங்கியதும் வீட்டு ஜன்னல் வழியாகவே கத்தினார்.

“மாஸ்டர்! ரிவர்ஸ்ல வந்தேன்! தெரு முழுக்க ரிவர்ஸ்லயே வந்தேன்! இனிமே எனக்கு அக்காதான் கிளாஸ். நீங்க தப்பா நினைச்சுக்காதீங்க!”

காருக்குள் கையை விட்டுத் தாளத்தோடு இரண்டு ஹாரன் அடித்துவிட்டுப் பாட்டு டீச்சர் நடந்து வீட்டுக்குக் கிளம்பினார். மனைவி உள்ளே வந்தாள். முகம் சிவந்திருந்தது. கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

“உங்களை ஒண்ணு கேக்கணும்.”

“கேளும்மா. என்ன கேட்டாலும் தகும்” என்றார் மாஸ்டர், தலையைக் குனிந்துகொண்டு.

“கட்டின பொண்டாட்டியை யாருன்னே தெரியாதுன்னு சொன்னீங்களாமே?”

“நான் எப்பம்மா சொன்னேன்?”

“எச்.ஆர். மேடம் எனக்குப் போன் பண்ணாங்க. வண்டியை ஓரமா நிறுத்திட்டுப் பேசினேன். ‘உங்க வீட்டுக்காரர் உங்க படத்தைப் பாத்துட்டு, இவங்க யாருன்னே தெரியாது, கண்ணையே திறக்க மாட்டாங்க, இவங்களை நம்பி வண்டியைக் கொடுக்காதீங்கன்னு சொல்றாரு. வீட்ல ஏதும் பிரச்சினையா?’ன்னு கேட்டாங்க.”

“உன் படமா? எங்க இருந்துச்சு உன் படம்?”

“நம்ம சைட்லதான். முதல் பக்கத்துல. ஸ்டீரிங்கைப் பிடிச்சிட்டு நான் சிரிக்கிற படம். தம்பி எடுத்தானே!”

மாஸ்டர் தலையைச் சொறிந்தார்.

“நீங்க அப்புறம் சொன்னதையும் சொன்னாங்க” என்றாள் அவள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “என்னை மாதிரி ஓட்டுறவங்க இந்த ஊர்லயே கிடையாதுன்னு. என் பக்கத்துல உக்காந்தாத்தான் உங்களுக்குப் பயம் இல்லாம இருக்குன்னு.”

“அது... ஒரு வேகத்துல வந்துருச்சு.”

“இத்தனை வருஷம் ஏன் வரல?”

மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார்.

“சரி விடுங்க. அவருக்குக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா இப்படித்தான், கார்ல உக்காந்தா சரியாயிடுவாருன்னு சொல்லிச் சமாளிச்சேன். அவங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஆர்டர் நமக்குத்தான்! வர்ற திங்கட்கிழமை முதல் பேட்ச். மேடமும் கத்துக்கப் போறாங்களாம், என்கிட்டதான் வேணுமாம்!”

மாஸ்டர் துள்ளி எழுந்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். “மாஸ்டர்! மாஸ்டர்!” என்று அவளை இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவருக்கும் அதே கதிதான், ஆனால் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

திரும்பிய இடத்தில் திரை இருந்தது. மெத்தைக்காரியும் ஒருவழியாகப் போய்விட்டாள். இப்போது அங்கே ஒன்றுமே இல்லை.

“எல்லாம் சரி” என்றார் மாஸ்டர் மெல்ல. “உன் படத்தை மேடம் எப்படிப் பாத்தாங்க? காலைலேருந்து நான் இதைக் குத்துயிரும் கொலையுயிருமா ஆக்கி வெச்சிருக்கேனே?”

வாசலில் ஆட்டோ நின்றது. தோளில் பையும் கழுத்தில் ஹெட்போனுமாக வயர் உள்ளே வந்தான். விழுந்து கிடந்த நாற்காலியையும், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கும் அக்காவையும், தலைமுடி கலைந்து நிற்கும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

“யாருக்கு என்ன ஆச்சு?”

“எங்களுக்கு ஒண்ணும் ஆகல. உன் சைட்டுதான் போய்ச் சேந்துருச்சு” என்றார் மாஸ்டர். “உயிர் கொடுக்க நான் படாத பாடு பட்டேன்டா மாப்ளே. நத்தையைத் தூக்கினேன், நம்பர் மாத்தினேன், கடைசில சிவப்பையும் தாண்டிட்டேன். எங்களுக்கெல்லாம் செத்துக் கிடக்கு, மேடத்துக்கு மட்டும் பளபளன்னு தெரியுதாம். என்ன மாயம் இது?”

வயர் பையை இறக்கி வைத்தான். திரையைத் தன் பக்கம் திருப்பி, மேலே இருந்த முகவரியை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். கடைசி எழுத்துகளுக்கு வந்ததும் அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது.

“இதையா மாமா நோண்டினீங்க? இது ஸ்டெப்னி! நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேரு இங்கிலீஷ்ல ழ-வுக்கு இசட்-எச் அடிக்க சோம்பல்பட்டு எல் அடிச்சிருவாங்கன்னு, இந்த ஸ்பெல்லிங்கையும் சேத்து வாங்கிச் சும்மா போட்டு வெச்சிருந்தேன்.”

“அப்ப மேடம் பாத்தது?”

வயர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“மாமா, காலைலேருந்து நீங்க உயிரைக் கொடுத்து இழுத்தது ‘நேர்வலி’. ‘நேர்வழி’ போன வாரமே திறந்தாச்சு!”